ஆள்காட்டி ஏன் வயிற்றை நனைத்துக்கொள்கிறது

பறவைக்கும் நண்டுக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்த அந்தக் காலத்தில், ஒரு பெரிய ஏரிக்கு ஒரு ராசா இருந்தார். ஏரிக்கு எதற்கு ராசா என்று கேட்கலாம். தண்ணீர் இருந்தால் தகராறும் இருக்கும். தீர்த்து வைக்க ஒருவர் வேண்டும். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஏரியின் நடுவே கருவேல மரங்கள் கூட்டமாக நின்றன. நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் அவற்றின் உச்சியில் கூடு கட்டிக் குடியிருந்தன. மரத்தில் இடம் கிடைக்காதவர்கள் கரையோரத்தில், தண்ணீர் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் இருந்தார்கள். இன்று நாம் ஆள்காட்டி என்று சொல்லும் பறவைகள் அவர்கள்தான். காலால் ஒரு குழி பறித்து, சுற்றிலும் கொஞ்சம் கூழாங்கல்லை வைத்தால் அவர்களுக்கு வீடு முடிந்தது. அந்த நாளில் அவர்களுக்கும் மற்றப் பறவைகளைப் போல நீளமான பின்விரல் இருந்தது. கிளையைப் பிடித்து உட்கார முடியும். அலகும் முகமும் கறுப்பு. குரலும் சாதாரணக் குரல்தான், பக்கத்து வீட்டைத் தாண்டாது.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையின் ஒரு கோடியில் தாழ்ந்த இடம் ஒன்று உண்டு. அதைக் கலங்கல் என்பார்கள். அந்தக் கலங்கலைக் களிமண் வைத்து அடைப்பதும், வேண்டியபோது தோண்டித் திறப்பதும் நண்டுகளின் வேலை. நண்டுகளுக்குத் தலைவன் ஏகாம்பரம். ராசா திற என்றால் திறப்பான், அடை என்றால் அடைப்பான். ஏகாம்பரத்துக்குச் சொந்த அபிப்பிராயம் நிறைய இருந்தது. யாரும் கேட்டதில்லை, அதனால் அவன் எப்போதும் கொஞ்சம் கோபமாகவே இருப்பான்.

ஆக, அந்த ஏரியில் ராசா வேலை என்றால் முக்கியமாக இந்த ஒன்றுதான். கலங்கலை எப்போது திறப்பது? சீக்கிரம் திறந்துவிட்டால் மரங்களைச் சுற்றிச் சேறு தெரிந்துவிடும். காட்டுப்பூனை நடந்தே வந்து மரமேறிக் குஞ்சுகளைத் தின்னும். நேரம் கழித்துத் திறந்தால் தண்ணீர் சரளையில் ஏறித் தரையில் கிடக்கும் முட்டைகளை அள்ளிக்கொண்டு போகும். அப்போதெல்லாம் எல்லாப் பறவைக்கும் ஐப்பசியில்தான் பேறுகாலம். மழைக்கும் அதே மாதம்தான்.

ராசாவின் பெயர் தாண்டவராயன். மஞ்சள் மூக்கு நாரை. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் எழுந்ததும் வழக்குக் கேட்பார். மீன் திருடிய நீர்க்காகத்தைத் தன் சொந்தக்காரனாக இருந்தாலும் விடமாட்டார். அவரைத் தேர்ந்தெடுத்தபோது ஏரியில் பெரிய வாக்குவாதமே நடந்தது. ராசா என்றால் பலசாலியாக இருக்க வேண்டும் என்று சிலர் கழுகின் பெயரைச் சொன்னார்கள். குடிகளையே தின்றுவிடுவானே என்றதும் அந்தப் பேச்சு அடங்கிப்போனது. ஞானம் வேண்டும் என்று ஆந்தையைச் சொன்னார்கள். பகலில் தூங்குகிறவரிடம் யார் போய் வழக்குச் சொல்வது? நல்ல குடும்பம் வேண்டும் என்று கூழைக்கடாவைச் சொன்னார்கள். பரம்பரை பரம்பரையாக எல்லாம் அந்தப் பைக்குள்தானே போகிறது என்று யாரோ முனகினார்கள். கடைசியில், நல்ல மனசும் தூரத்தில் வருவதைப் பார்க்கிற நீளக் கழுத்தும் இருந்தால் போதும் என்று முடிவாயிற்று. இரண்டும் தாண்டவராயனுக்கு இருந்தன. இவ்வளவு கேட்டவர்கள், அவர் எங்கே குடியிருக்கிறார் என்று மட்டும் கேட்கவில்லை.

சரளையில் காத்தாயி என்று ஒரு ஆள்காட்டி இருந்தாள். கொஞ்சம் வாய்த்துடுக்கு. ஓர் ஐப்பசியில் அவள் முதல்முதலாக நாலு முட்டை இட்டாள். அடைமழை பிடித்தது. தண்ணீர் ஏறுவதைப் பார்த்து அவளும் அவள் புருஷனும் மரத்துக்கும் கரைக்குமாகப் பறந்தார்கள்.

"ராசாவே, கலங்கலத் தொறக்கச் சொல்லுங்க. தண்ணி சரளைக்கு வந்துடுச்சி."

தாண்டவராயன் உச்சிக் கூட்டிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். நிஜமாகவே அக்கறையாகத்தான் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் சரளை மேடு அகலமாக, வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாமல் தெரிந்தது.

"இன்னும் நிறைய இடம் கிடக்குதே, காத்தாயி. பயப்படாதே. இன்னும் ஒரு நாள் பாக்கலாம்."

சரளை மேடு என்று பெயர்தானே தவிர, அது மேடே அல்ல, தட்டை. ஏரியில் தண்ணீர் ஒரு விரல் ஏறினால் சரளையில் அது ஒரு வீட்டு வாசல் அளவுக்குப் பரவும். தரையில் நடக்கிறவர்களுக்கு இது தெரியும். மேலேயிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

பொழுது விடிவதற்குள் நாலு முட்டையும் போய்விட்டன. ஒன்று மட்டும் மரத்தடி வரை மிதந்து வந்ததாம். காத்தாயி அதைப் பார்த்தாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

தாண்டவராயன் மனம் உடைந்துபோனார். கண் கலங்கினார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ரெண்டு நாளைக்கு நீ இரை தேட வேணாம். மீன் கொடுத்தனுப்பறேன்" என்றார். சொன்னபடியே கொடுத்தனுப்பினார். கெண்டை மீன், நல்ல கொழுத்ததாக.

ஆள்காட்டி மீன் தின்னாது. புழு, பூச்சி, வண்டுதான் அதற்கு இரை. மீன் சரளையில் கிடந்து நாறியது.

அடுத்த வருஷமும் இதே மழை, இதே பேச்சு, இதே மீன். இந்தத் தடவை காத்தாயி மீனை வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தடுமாறிப் பறந்து, சபை கூடியிருந்த கருவேல மரத்தில் ராசாவின் முன்னால் போட்டாள்.

"இத நாங்க தின்னமாட்டோம், ராசாவே."

"ஏன், நல்ல மீன்தானே?" என்றார் தாண்டவராயன்.

"மீனு நல்ல மீனுதான். நாங்க புழு தின்றவங்க. ரெண்டு வருசமா மீன் அனுப்புறீங்க. நாங்க இன்னா தின்றோம்னே உங்களுக்குத் தெரியல. எங்க முட்ட எவ்வளவு ஒசரத்துல கிடக்குதுன்னு எப்படித் தெரியப் போவுது?"

மந்திரி வேலை பார்த்துவந்த கன்னியப்பன் என்ற நீர்க்காகம், "ஏய், யார்கிட்ட பேசறேன்னு தெரிஞ்சி பேசு" என்று சிறகை விரித்துக்கொண்டு வந்தது. தாண்டவராயன் அதைத் தடுத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

"அவ சொல்றது சரி. கலங்கல எப்பத் தொறக்கணும்னு தெரிஞ்சவங்கதான் இங்க இருக்கணும். எனக்குத் தெரியல. காத்தாயி, நீயே இருந்து பாரு."

ஏரியே அசந்துவிட்டது. பதவியை விட்டு ஒருவர் தானாக இறங்குவதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. காத்தாயி மறுக்கவில்லை. இரண்டு வருஷ முட்டை அவள் மனசில் கிடந்தது. இனி ஒரு முட்டையும் போகாது என்று சபைக்கு நடுவே வாக்குக் கொடுத்தாள். சரளையில் அன்று ஒரே கொண்டாட்டம். அவள் தங்கை அஞ்சலை குதித்துக் குதித்து ஆடினாள். "எங்க யக்கா! எங்க யக்கா!" என்று போகிற வருகிற கொக்கையெல்லாம் நிறுத்திச் சொன்னாள்.

காத்தாயி முதலில் தரையில்தான் இருந்தாள். வழக்குச் சொல்ல வந்த நாரைகள் கழுத்தை மடக்கிக் குனிந்து பேச வேண்டியதாயிற்று. கன்னியப்பனுக்கு அது பொறுக்கவில்லை.

"ராணியம்மா, வயசான நாரைங்களுக்குக் கழுத்து வலிக்குது. வழக்குக் கேக்குற நேரம் மட்டுமாவது மேல வந்து உக்காருங்க."

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. காலையில் மட்டும் மேலே போனாள். பிறகு மத்தியானமும் வழக்கு வந்தது. ஏறி இறங்கி அலுத்துப்போன அவள் புருஷன், "இங்கயே ஒரு ஓரமா இருந்துட்டா இன்னா?" என்றான். காற்று நன்றாக இருந்தது. கொசுத்தொல்லை இல்லை. தாண்டவராயன் காலி செய்த உச்சிக் கூடு சும்மாதான் கிடந்தது. ஐப்பசி பிறந்தபோது காத்தாயி தன் நாலு முட்டையையும் அந்தக் கூட்டில் இட்டாள். இதில் ஒரு தப்பும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. வேலை அங்கே இருக்கிறது, வேலை இருக்கிற இடத்தில் குடும்பம் இருக்கிறது.

மழை வந்தது. ஏகாம்பரம் தண்ணீரில் நீந்தி, மரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினான்.

"தொறக்கட்டுமா?"

காத்தாயி எட்டிப் பார்த்தாள். நாம் அவளை விட்டுக்கொடுத்துப் பேசக் கூடாது, அவள் நன்றாகவே பார்த்தாள். கீழே சரளை அகலமாக, வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாமல் தெரிந்தது. கன்னியப்பனும் பக்கத்தில் நின்று பார்த்து, "தண்ணிக்கும் முட்டைக்கும் நடுவுல ஒரு வயலே கிடக்குதும்மா" என்றது. அன்று காலையில்தான் அக்கரையில் காட்டுப்பூனை நடமாடியதாகப் பேச்சு. தண்ணீர் மரத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் நின்றால் நல்லதுதானே? அவள் முட்டைகளும் இப்போது மரத்தில்தான் இருந்தன.

"இன்னும் ஒரு நாள் பாக்கலாம்" என்றாள் காத்தாயி.

"நீயுமா?" என்றான் ஏகாம்பரம். மழைச் சத்தத்தில் அது அவள் காதில் விழவில்லை.

மறுநாள் மழை விட்டதும் அஞ்சலை வந்தாள். கிளையின் ஓரத்தில் நனைந்துபோய் உட்கார்ந்தாள். காத்தாயி அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். அஞ்சலை கிட்டே வரவில்லை.

"ராணியம்மா" என்றாள்.

காத்தாயிக்குத் திக்கென்றது. பிறந்ததிலிருந்து அஞ்சலை வாயில் யக்கா என்பதைத் தவிர வேறு பேச்சு வந்ததில்லை.

"முட்ட போயிடுச்சிங்க, ராணியம்மா. என்னுது, பக்கத்து வீட்டுது, எல்லாரோடதும் போயிடுச்சி. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் அழவில்லை, சண்டைக்கும் நிற்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும், தங்கைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் பதறியது. பதறிய வேகத்தில் வாய் தானாகத் திறந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்குடி. ரெண்டு நாளைக்கு நீ இரை தேட வேணாம். மீன் கொடுத்தனுப்பறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

மீன்! ராசா வீட்டுக் கூட்டில் எப்போதும் இருப்பது மீன்தான். யார் துக்கம் சொல்லி வந்தாலும் அதைத்தான் அனுப்புவது வழக்கம். அவள் தங்கை மீன் தின்னமாட்டாள் என்பதை அவள் மறந்துவிட்டாள். அவளே தின்னமாட்டாள் என்பதைக்கூட மறந்துவிட்டாள்.

அஞ்சலை அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். தெரியாத ஊருக்கு வந்துவிட்டவள் பார்ப்பது போல அஞ்சலை பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனாள்.

அன்று மத்தியானமே காத்தாயி சபையைக் கூட்டினாள். மரத்தில் அல்ல, சரளையில். நாரைகளும் கொக்குகளும் முணுமுணுத்துக்கொண்டு இறங்கி வந்து ஈரத்தில் நின்றன. நடந்ததை அவள் ஒளிக்காமல் சொன்னாள், மீனைப் பற்றியும் சொன்னாள்.

கன்னியப்பன் உடனே வழி சொன்னது. "அப்படின்னா ராணியம்மா எறங்கிடலாம். வேற யாரையாவது வச்சிக்கலாம். அஞ்சலை இருக்குறாங்களே."

"வைக்கலாம்" என்றாள் காத்தாயி. "அடுத்த வருசம் அவளும் மீன் அனுப்புவா. தாண்டவராயன் நல்லவரு. அவராலயும் முடியல. நான் அடிபட்டவ, என்னாலயும் முடியல. ஆள மாத்தி மாத்திப் பாத்துட்டோம். மேல இருந்து பாத்தா யாருக்கும் தண்ணி தூரமாத்தான் தெரியுது. இனிமே ஏரிய ஆளுறவங்க முட்ட இங்கதான் இருக்கணும். இங்கன்னா இங்கயும் இல்ல." அவள் நடந்துபோய்த் தண்ணீர் விளிம்பில், மற்ற எல்லாக் குழிகளுக்கும் கீழே நின்றாள். "இங்க. தண்ணி ஏறுனா மொதல்ல ஆளுறவங்க முட்டயத்தான் தொடணும். தொட்டாத் தொறக்கணும்."

சரளைக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. மரத்துக்காரர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தாண்டவராயன் மட்டும் யோசித்துவிட்டு வாயைத் திறந்தார்.

"காத்தாயி, ஒண்ணு கேக்கலாமா? இத்தன நாளா எங்க புள்ளைங்க மேல இருந்துச்சி, அதனால நேரங்கழிச்சித் தொறந்தோம். நாளைக்கு உன் புள்ளைங்க கீழ இருந்தா, தூறல் போட்டதுமே நீ தொறந்துடுவ. பெத்தவ அப்படித்தான் செய்வா. எங்க மரத்தடி காஞ்சிபோகும். காட்டுப்பூனை வரும். அப்ப எங்க புள்ளைங்க?"

கேள்வி நியாயமானது. அவள் மரத்தைப் பார்த்தாள், சரளையைப் பார்த்தாள். அந்த மரத்து உச்சியில் அவளுடைய சொந்த முட்டைகளே கிடந்தன. அவரை வாயடைக்க ஏதாவது சொல்லியிருக்கலாம், அவளுக்கு வாய் உண்டு. சொல்லவில்லை.

"ஆமா. பயத்துல தொறந்துடுவேன்" என்றாள்.

அப்போதுதான் ஏகாம்பரம் பக்கவாட்டில் நடந்து முன்னால் வந்தான். "என்னை யாரும் கேக்கல. நானே சொல்றேன். வாய்ச்சொல்லுக்கு இனிமே நான் தொறக்கமாட்டேன். ராணியம்மா முட்ட மேல உக்காந்து இருக்கட்டும். தண்ணி வந்து அவங்க வயித்த நனைக்கட்டும். நான் பக்கத்துல இருந்து பாப்பேன். வயிறு நனைஞ்சாத்தான் தொறப்பேன். அதுக்கு முன்னால தொறக்கச் சொன்னா செவிடனாயிடுவேன். நனைஞ்ச அப்புறம் வேணாம்னு சொன்னாலும் செவிடன்தான்."

"அதுக்குள்ள முட்ட போயிட்டா?" என்றான் காத்தாயியின் புருஷன்.

காத்தாயிதான் பதில் சொன்னாள். "போனாப் போவும். மத்தவங்களுது இருக்கும்."

சொன்னவள், காலைத் தூக்கித் தன் பின்விரலைப் பார்த்தாள். கிளையைச் சுற்றிப் பிடிக்கிற நீளமான விரல்.

"இது இருக்குறவரைக்கும் என் காலு கிளையத் தேடும். காத்து நல்லாருக்குன்னு ஒரு நாள் ஏறுவேன். அப்புறம் எறங்கமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்."

என்ன செய்யப் போகிறாள் என்று யாருக்கும் புரிவதற்குள், குனிந்து அந்த விரலை அலகால் கடித்து எடுத்துவிட்டாள். இன்னொரு காலிலும் அப்படியே. அலகெல்லாம் ரத்தம். முகத்தில் தெறித்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. அஞ்சலைதான் ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள்.

"இன்னாத்துக்கு யக்கா இப்படிப் பண்ண? இன்னாத்துக்கு?"

வலியிலும் காத்தாயிக்குச் சிரிப்பு வந்தது. தங்கை வாயில் அந்த யக்கா திரும்பி வந்துவிட்டது.

மேலே இருந்த முட்டைகளைத் தாண்டவராயனின் மனைவி தன் முட்டைகளோடு சேர்த்து அடைகாத்துக் கொடுத்தாள். அந்தக் குஞ்சுகள் நாரையாகவும் இல்லாமல் ஆள்காட்டியாகவும் இல்லாமல் கொஞ்ச நாள் திண்டாடினதாகச் சொல்வார்கள். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

ஒரு வருஷம் போயிற்று. ஐப்பசியில் காத்தாயி தண்ணீர் விளிம்பில், எல்லாருக்கும் கீழே, குழி பறித்து நாலு முட்டை இட்டாள். ஏகாம்பரம் பக்கத்தில் ஒரு வளை தோண்டிக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே நீட்டி உட்கார்ந்தான். மற்ற நண்டுகள் தொலைவில் கலங்கலில் காத்திருந்தன.

அந்த வருஷ மழையை ஏரியில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. காலையில் பிடித்தது, மத்தியானமும் விடவில்லை. தண்ணீர் சரளையை நக்கிக்கொண்டு மேலே வந்தது. முட்டைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும்போதே காத்தாயி கலங்கல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். புருஷன் காதோரம் வந்தான்.

"அதோ அந்தப் பள்ளத்துல போயி ஒரு முங்கு முங்கிட்டு வா. வயிறு நனைஞ்சிடும். நண்டுக்கு இன்னா தெரியப் போவுது? நான் உக்காந்திருக்கேன்."

அவள் அவனைத் திட்டவில்லை. அவளுக்கும் அதே யோசனை ஏற்கெனவே வந்துவிட்டது. எழுந்து போனால் முடிந்தது, நாலும் பிழைக்கும். அப்போது மரங்களைப் பார்த்தாள். கீழேயிருந்து பார்க்கும்போது ஒன்று நன்றாகத் தெரிந்தது. மரத்தடியில் ஒரு பக்கம் சேற்றைத் தண்ணீர் இன்னும் மூடவில்லை. அந்தச் சேற்றின் ஓரத்தில், புதருக்குள், வாலை அசைத்துக்கொண்டு காட்டுப்பூனை காத்திருந்தது. மேலே நாரைக் குஞ்சுகள் பசிக்குக் கத்திக்கொண்டிருந்தன. இப்போது திறந்தால் அந்தப் பாதை மூடவே மூடாது.

"இன்னும் நனையல" என்றாள் காத்தாயி.

தண்ணீர் வந்தது. கூழாங்கல்லைத் தாண்டியது. மரத்தடிச் சேற்றை மூடியது. காட்டுப்பூனை காலை நனைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. குழிக்குள் தண்ணீர் கசிந்து, முட்டைகள் சில்லிட்டு, கடைசியில் அவள் வயிற்றுச் சிறகு நனைந்தது. அவள் எழுந்து காட்டினாள். ஏகாம்பரம் கொடுக்கைத் தூக்கினான்.

"நனைஞ்சிடுச்சி. கத்து!"

கலங்கல் தூரம். நண்டுகளுக்குக் காதும் மந்தம். காத்தாயி கத்தினாள். சாதாரணக் குரல் பாதி வழியில் மழையில் நனைந்து விழுந்தது. மறுபடியும் கத்தினாள். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். ஏரியே திடுக்கிட்டுத் திரும்பியது. கலங்கலில் களிமண் பெயர்ந்தது, தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. அவள் நிறுத்தவில்லை. தண்ணீர் இறங்கும்வரை முட்டைகள்மேல் சிறகை விரித்துக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தாள்.

தண்ணீர் வடியக் கொஞ்ச நேரம் பிடிக்குமே. அந்தக் கொஞ்ச நேரத்தில், விளிம்போரம் கிடந்த ஒரு முட்டை அவள் வயிற்றுக்கு அடியிலிருந்து நழுவியது. காலால் தடுக்கப் பார்த்தாள். பின்விரல் இருந்திருந்தால் ஒருவேளை பிடித்திருக்கலாம். முட்டை போய்விட்டது.

மூன்று முட்டைகள் இருந்தன. அஞ்சலையின் முட்டைகள் எல்லாம் இருந்தன. சரளையில் ஒரு குழியிலும் தண்ணீர் ஏறவில்லை. மரங்களைச் சுற்றி வேண்டிய அளவு தண்ணீர் நின்றது. அந்த ஏரியில் அந்த ஐப்பசியில் தொலைந்தது ஒரே ஒரு முட்டை. அது ஆளுகிறவளுடையது.

சாயங்காலம் தாண்டவராயன் துக்கம் விசாரிக்க வந்தார். பறந்து வரவில்லை, கரையோரமாக நடந்தே வந்தார். அந்த நீளக் கால்கள் முழங்கால் வரை சேறாக இருந்தன. அலகில் என்னவோ கவ்விக்கொண்டு வந்து, அவள் முன்னால் மெதுவாக வைத்தார். மண்புழுக்கள். பொறுக்குவது பழக்கமில்லாததால் பாதி அறுந்திருந்தன. தண்ணீர் வடிந்ததிலிருந்து கரை முழுக்கக் குனிந்து தேடியிருக்கிறார்.

"இதுதானே தின்னுவ?" என்றார்.

காத்தாயிக்கு இத்தனை நேரம் வராத அழுகை அப்போது வந்தது. அழுதுகொண்டே ஒரு புழுவை எடுத்துத் தின்றாள்.

மறுநாள் வெயில் அடித்தது. காத்தாயி தண்ணீருக்கு நடந்துபோய், வயிற்றை முக்கி நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்தாள். எதற்கு என்று அஞ்சலை கேட்டாள். "வெயிலுக்கு முட்டைக்கும் குளிர்ச்சி. எனக்கும் மறக்காம இருக்கும்" என்றாள்.

அந்த ஏரிக்கு இப்போது ராசாவும் இல்லை, ராணியும் இல்லை. மனிதர்கள் வந்து கலங்கலுக்குக் கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். நண்டுகள் வேலையில்லாமல் வரப்பில் வளை தோண்டிக்கொண்டு, யாரும் கேட்காத அபிப்பிராயங்களோடு இருக்கின்றன. ஆட்சி எப்போதோ முடிந்துவிட்டது என்பதை ஆள்காட்டியிடம் மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஏரிப்பக்கம் ஆள் போனாலும் மாடு போனாலும் நாய் போனாலும், எல்லாருடைய முட்டைக்கும் தானே பொறுப்பு என்பது போல அதுதான் முதலில் எழும்பிக் கத்துகிறது.

காத்தாயி ஏரியை ஆண்ட அந்தக் காலத்திலிருந்துதான், ஆள்காட்டி அலகும் முகமும் சிவந்து, பின்விரல் பெயருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டு, எந்த மரத்திலும் உட்காராமல், வெட்டவெளித் தரையில் முட்டையிட்டு, வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து அதன்மேல் உட்காருகிறது.